புரியாத நிரல் போட்டி: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல்லில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நான் சி என்ற கணினி மொழி சொல்லித் தருகிறேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அங்கேயே ஒரு போட்டி வைப்போம். யார் படித்தாலும் புரியாத நிரல் (அதாவது புரோகிராம்) ஒன்றை எழுத வேண்டும், ஆனால் அது பிசகாமல் ஓட வேண்டும். படிக்கட்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்றே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இருமல் மருந்து வாங்க வந்தவர்கூட மேலே ஏறி வந்து கேட்டிருக்கிறார். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

புரியாத மாதிரி எழுதுவதற்குப் போட்டியா? நிஜமாகவா?

நிஜமாகத்தான். எங்களுடையது சின்ன நகல். மூலம் 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேசப் போட்டி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஐஓசிசிசி என்பார்கள். சி மொழியில் முடிந்தவரை குழப்பமான நிரலை, விதிகளுக்கு உட்பட்டு எழுத வேண்டும். நடுவில் பல வருஷம் நடக்காமல் போயிருக்கிறது. 2020-க்கு அப்புறம் நான்கு வருஷ இடைவெளி விட்டு 2024-க்கான போட்டியோடு திரும்பி வந்தது.

யாருக்கு வந்தது இந்த யோசனை?

லேண்டன் கர்ட் நோல், லேரி பேசல் என்று இரண்டு பேர். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசல் கையில் சிக்கியது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நடத்தும் போர்ன் ஷெல்லின் மூல நிரல். நோல் கையில் சிக்கியது ஃபிங்கர் என்ற கட்டளையின் நிரல். இரண்டு பேரும் தலையைப் பிடித்துக்கொண்டு, 'உன்னுடையது மோசமா, என்னுடையது மோசமா' என்று பேசிக்கொண்டதில் பிறந்ததுதான் இந்தப் போட்டி.

போர்ன் ஷெல் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை எழுதிய ஸ்டீவ் போர்ன் சாமானியப்பட்ட ஆள் இல்லை. அவருக்கு அல்கால் 68 என்ற மொழி மேல் பிரியம். அதனால் ஒரு சொல்லை எழுதினால் அதற்குப் பதில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளும் சி மொழியின் மேக்ரோ வசதியை வைத்து, சி நிரலையே அல்கால் மாதிரித் தெரியும்படி வேஷம் போட்டுவிட்டார். அடைப்புக்குறி இருக்க வேண்டிய இடத்தில் 'இஃப்' என்று திறந்து, அதையே திருப்பிப் போட்ட 'ஃபி' என்று மூடுவார். சி தெரிந்தவர் பார்த்தால் இது சி இல்லை என்பார், அல்கால் தெரிந்தவர் பார்த்தால் இது அல்காலும் இல்லை என்பார். ஆனால் ஓடும். உலகம் முழுக்க யூனிக்ஸ் கணினிகளில் வருஷக்கணக்காக ஓடியது.

மூன்றே வருஷத்தில், 1987-இல், இதே போட்டியில் ஒரே வரியில் எழுதி ஜெயித்தவர் டேவிட் கார்ன். போர்ன் ஷெல்லுக்கு அடுத்து வந்த கார்ன் ஷெல்லை எழுதியவர். ஷெல் எழுதுகிற ஆட்களிடம் ஏதோ இருக்கிறது.

எங்கள் ஆபீஸ் கோடும் யாருக்கும் புரியாது. அதை அனுப்பலாமா?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் கேள்வி நியாயமானது.

அனுப்ப முடியாது. ஏன் என்று சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில் போடும் மென்பொருளைச் சரி செய்யக் கூப்பிட்டார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. உள்ளே போனால், மதிப்புகளைப் போட்டு வைக்கும் மாறிகளின் பெயர் எல்லாம் ஏ1, ஏ2, ஏஏ, ஏஏஏ. பருப்பு மூட்டைக்கு ஒரு கணக்கு, வத்தல் மூட்டைக்கு அதே கணக்கு மறுபடி நூறு வரி. நடுவில் ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே'. எதைத் தொடக் கூடாது, ஏன் தொடக் கூடாது, ஒன்றும் இல்லை. மூன்று நாள் உட்கார்ந்தேன். கடைக்காரர் தினமும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். கடைசியில் அந்த வரியை நானும் தொடவில்லை. மற்றதைச் சரி செய்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நிரல் புரியாததற்குக் காரணம், எழுதியவருக்கே அது முழுசாகப் புரியவில்லை என்பதுதான். போட்டி நிரல் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தே போட்டது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். துணியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி எடுத்தால், பார்க்கக் கசங்கிய கந்தல் மாதிரி இருக்கும். காய்ந்ததும் நூலைப் பிரித்தால் புள்ளி வரிசை கண்ணைப் பறிக்கும். எந்தப் புள்ளி எங்கே விழும் என்று முடிச்சுப் போட்ட கைக்கு முன்பே தெரியும். கீழமாசி வீதி நிரலில் நூலை எவ்வளவு பிரித்தாலும் கந்தல்தான் மிஞ்சும்.

ஒரு உதாரணம் காட்டுங்களேன். சின்னதாக.

மிகச் சின்னது. இது ஒரு எண். என்ன எண் என்று சொல்லுங்கள்:

'-'-'-'

முகம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஒற்றை மேற்கோளுக்குள் ஓர் எழுத்தைப் போட்டால் சி மொழி அதை அந்த எழுத்தின் எண்ணாக எடுத்துக்கொள்ளும். கழித்தல் குறியின் எண் 45. நடுவில் தனியாக நிற்பது நிஜமான கழித்தல். ஆக 45-இலிருந்து 45 போனால் பூஜ்யம். அதே மாதிரி '/'/'/' என்றால் 47-ஐ 47-ஆல் வகுப்பது, விடை ஒன்று. இந்த இரண்டும் 1984-இலேயே, முதல் போட்டியில் பெயர் சொல்லாமல் ஒருவர் அனுப்பிய நிரலில் இருந்தவை. பூஜ்யம், ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில் இவற்றை எழுதியிருந்தார்.

அடுத்து இது:

2["4567"]

வகுப்பில் இதை எழுதினால் பாதிப்பேர் பிழை என்பார்கள். பிழை இல்லை, விடை 6 என்ற எழுத்து. சி மொழியில் சதுர அடைப்பு என்பது வெறும் கூட்டல்தான்: ஒரு சரத்தின் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து வரிசையின்) முகவரியோடு இரண்டைக் கூட்டி, அங்கே இருப்பதை எடு. கூட்டலில் எது முன்னால், எது பின்னால் என்பது முக்கியமில்லையே. அதனால் சரத்தை வெளியே வைத்து எண்ணை உள்ளே வைத்தாலும் சரி, எண்ணை வெளியே வைத்துச் சரத்தை உள்ளே திணித்தாலும் சரி, ஒன்றுதான். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இரண்டாம் இடம் 6.

இது புரிந்துவிட்டால் கார்னின் ஒற்றை வரியும் பாதி புரிந்த மாதிரி. கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள். அன்றைய யூனிக்ஸ் கம்பைலர்களில் 'யூனிக்ஸ்' என்ற சொல்லை எழுதினால் கம்பைலர் அதை ஒன்று என்று மாற்றிவிடும். அந்த ஒன்றை வைத்து 'ஹேவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் இரண்டாம் எழுத்தை எடுத்தார். அது 'ஏ', அதன் எண் 97. அதிலிருந்து 96-ஐக் கழித்தால் மறுபடி ஒன்று. அதை 'ஃபன்' என்ற சொல்லோடு கூட்டினால் முதல் எழுத்து நழுவி 'அன்' மட்டும் நிற்கும். அதன் பின்னால் 'இக்ஸ்' ஒட்டிக்கொள்ள, திரையில் வருவது 'யூனிக்ஸ்'. நிரலில் அந்தச் சொல் இருக்கிறது, திரையிலும் அந்தச் சொல் வருகிறது, ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதை முதல் தடவை பிரித்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தெரியாமலே இப்படி எழுதிவிடுவது உண்டா?

எனக்கே நடந்தது. மார்க் பட்டியல் அழகாக, நேராக வர வேண்டும் என்று இரண்டு இலக்க எண்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தேன். 75 என்பது 075 ஆனது. சி மொழியில் பூஜ்யத்தில் தொடங்கும் எண் எட்டின் அடிமானம். 075 என்றால் ஏழு எட்டு ஐம்பத்தாறு, கூட ஐந்து, 61. நன்றாகப் படிக்கிற பெண், 'சார், பதினாலு மார்க் எங்க போச்சு?' என்று வந்து நின்றாள். 85 எடுத்தவர்கள் தப்பித்தார்கள். எட்டின் அடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது என்பதால் கம்பைலர் அங்கேயே நின்று கத்திவிட்டது.

ஜெயித்த நிரல்களில் அவசியம் பார்க்க வேண்டியவை?

என் பட்டியல் இது. வேறு ஆளைக் கேட்டால் வேறு சொல்வார்.

1984-இல் முல்லெண்டர், வான் ரெனெஸ் என்ற இருவர் அனுப்பியது. மெயின் என்ற தொடக்கப் பகுதி இல்லாமல் சி நிரல் கிடையாது, அது ஒரு செயற்கூறாக (கட்டளைகளின் தொகுப்பாக) இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறோம். இவர்கள் மெயினை ஓர் எண் வரிசையாக எழுதிவிட்டார்கள். வெறும் எண்கள். அந்த எண்கள் நேரடியாக இயந்திர மொழி. அதிலும் பிடிபி-11, வாக்ஸ் என்ற இரண்டு வெவ்வேறு கணினிகளிலும் ஓடும்படி. நடுவர்கள் பரிசையும் கொடுத்துவிட்டு, இனிமேல் ஒரு குறிப்பிட்ட கணினியை நம்பி எழுதக் கூடாது என்று விதியையும் போட்டுவிட்டார்கள்.

1988-இல் பிரையன் வெஸ்ட்லி எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது. நிரலே வட்டமாக இருக்கும். அடிக்கோடும் கழித்தல் குறியும் மாறி மாறி வந்து வட்டத்தை நிரப்பும். ஓட்டினால் அது தன் பரப்பளவைத் தானே எண்ணி, வட்டக் கணக்கில் வரும் பை (3.14...) மதிப்பைச் சொல்லும். இன்னும் துல்லியமான பை வேண்டுமா? இன்னும் பெரிய வட்டமாக எழுது. அவ்வளவுதான். (இன்றைய கம்பைலரில் சின்னத் திருத்தம் செய்தால்தான் ஓடும்.)

1994-இல் ஷிமோன் ருசின்கீவிச் ஒரு காலிக் கோப்பை அனுப்பினார். பூஜ்யம் பைட். 'உலகின் மிகச் சிறிய, தன்னைத் தானே அச்சிடும் நிரல் இது. ஓட்டினால் ஒன்றும் வராது, நிரலிலும் ஒன்றும் இல்லை, ஆக இரண்டும் ஒன்று' என்பது வாதம். விதிகளை மோசமாக வளைத்ததற்கான பரிசு கிடைத்தது. அடுத்து அப்படி யாரும் அனுப்ப முடியாதபடி விதியையும் மாற்றினார்கள். எங்கள் போட்டியிலும் வருஷத்துக்கு ஒரு பையன் வெறும் பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டுவான். தம்பி, அது 1994-இலேயே முடிந்துபோன கதை.

1998-இல் கார்ல் பேங்க்ஸ் எழுதியது விமானம் ஓட்டும் விளையாட்டு, நிரலின் வடிவமும் விமானம். 2013-இல் ஏட்ரியன் கேபிள் எழுதிய 4043 பைட் நிரலுக்குள் ஒரு முழுப் பழைய கணினியே இருக்கும். அதில் டாஸ் ஓடும், விண்டோஸ் 3.0 கூட ஓடும். ஒப்பிட வேண்டுமென்றால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

பரிசு எவ்வளவு?

சர்வதேசப் போட்டியில் பணம் கிடையாது, பெயர்தான். பரிசுகளுக்கு முன்கூட்டியே பட்டியலும் இல்லை. ஜெயித்த நிரலைப் பார்த்து, அதன் குணத்துக்கு ஏற்ற பட்டத்தை நடுவர்கள் அப்போதே உண்டாக்குவார்கள். எங்கள் போட்டியில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா. முதல் பரிசுக்கு 'ஸ்பெஷல்'.

எப்படித் தீர்ப்புச் சொல்வீர்கள்?

சர்வதேசப் போட்டியில், எழுதியவர் யார் என்று தெரியாமலேதான் நடுவர்கள் படிப்பார்கள். முடிவான பிறகே பெயரைப் பார்ப்பார்கள். பத்துப் பதினைந்து பேர் வரும் இடத்தில் எங்களால் அது முடியாது, கையெழுத்து மாதிரி நிரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம். அதனால் வேறு வழி வைத்திருக்கிறோம். நிரலை ஒரு ஏ4 தாளில் அச்சடித்துக் கொண்டுவர வேண்டும். முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் மற்றவர்களுக்கு இருபது நிமிஷம் கொடுப்போம், அதற்குள் யாராவது அவிழ்த்துவிட்டால் அவருக்குப் பாதி மதிப்பெண். யாராலும் முடியவில்லை என்றால் எழுதியவரே போர்டுக்கு வந்து குறி குறியாக விளக்க வேண்டும்.

பெரும்பாலும் போட்டி முடிவாவது போர்டில்தான். போன முறை ஒரு பாலிடெக்னிக் மாணவர் மாறிகளுக்கெல்லாம் வெறும் அடிக்கோட்டையே பெயராக வைத்து எழுதியிருந்தார்: ஒன்று, இரண்டு, மூன்று அடிக்கோடுகள். நடுவில் _-->0 என்று ஒரு துண்டு. அம்புக்குறி மாதிரி இருக்கிறதே, சி மொழியில் இப்படி ஒரு குறி உண்டா என்று எல்லோரும் முழித்தார்கள். அவர் போர்டுக்குப் போய் நடுவில் ஒரு கோடு மட்டும் கிழித்தார்: _-- ஒரு பக்கம், >0 மறுபக்கம். ஒன்று குறை, குறைப்பதற்கு முன் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருந்ததா என்று பார். 'அட, இம்புட்டுத்தானா!' என்று பின்பெஞ்சிலிருந்து சத்தம். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஜிகர்தண்டா உறுதி.

சாட்பாட்டை எழுதச் சொல்லிக் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். போர்டு இருக்கிறது.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக. பைத்தான் 3 என்ற கணினி மொழி தமிழ்ப் பெயர்களை ஏற்கும். சி மொழியிலும், ஜிசிசி கம்பைலரின் பத்தாம் பதிப்பு முதல், தமிழில் நேரடியாகவே எழுதலாம். எங்கள் போட்டியில் இதற்குத் தனி மரியாதை, ஏனென்றால் வெள்ளைக்காரருக்குக் கிடைக்காத சில முடிச்சுகள் நமக்குக் கிடைக்கின்றன.

முதலாவது, தமிழ் எண்கள். ௧ என்ற எண்ணையும் க என்ற எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ௭, எ. ௮, அ. பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வேறு வேறு. மாறியின் பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவில் வரலாம். ஆக 'அக' என்று ஒரு மாறி, 'அ௧' என்று இன்னொரு மாறி. பைத்தானில் இன்னொரு வேடிக்கை: சரத்தை முழு எண்ணாக்கும் கட்டளையிடம் "௧௦" என்று கொடுத்தால் அது அழகாகப் பத்து என்று எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, எனக்கு இதுதான் உச்சம். 'கொ' என்ற எழுத்தை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே துண்டாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பு தனியாக, கால் தனியாக, இரண்டு துண்டாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இம்மி வித்தியாசம் இருக்காது. பைத்தான் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். ஜிசிசி அப்படிச் செய்யாது. எச்சரிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு, இரண்டும் வேறு மாறிகள் என்றே வைத்துக்கொள்ளும். 'கொடி' என்று ஒரு மாறியில் ஐந்து, 'கொடி' என்று இன்னொரு மாறியில் ஒன்பது. அடுத்தடுத்த வரியில் அச்சடித்தால் ஐந்து, ஒன்பது. தாளில் பார்க்கிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒரு வருஷம் இதை எழுதிய பெண்ணிடம் இருபது நிமிஷம் அல்ல, நாற்பது நிமிஷம் கெஞ்சினோம்.

சித்திரக்கவி மாதிரியா இது?

ஒரு தமிழாசிரியர் கேட்டார். ஆமாம் ஐயா, பங்காளிதான். நாகபந்தத்தில் பின்னிக் கிடக்கும் பாம்புகள் சந்திக்கும் கட்டத்தில் ஒரே எழுத்து இரண்டு இடத்துக்கும் பொருந்த வேண்டும், தேர்ப்பந்தத்தில் பாட்டு தேர் வடிவத்தில் ஏறி இறங்க வேண்டும். வட்டமாக எழுதிப் பையைக் கணக்கிடுவதும் அதே கிறுக்குத்தான். 'தேரு வருதே' என்று மாசி வீதியில் சித்திரைத் தேர் பார்க்கப் போகும் குழந்தையிடம், அதைக் கடைசியிலிருந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது முழிக்கும் முழியும் எங்கள் பின்பெஞ்ச் முழியும் ஒன்று.

இது வைரஸ் எழுதுகிற ஆட்கள் வேலையில்லையா?

கேட்டவர் ஒரு தகப்பனார். கவலை புரிகிறது, ஆனால் இடம் மாறிய கவலை. குழப்பமான நிரலைப் பார்த்தால் யாரும் உஷாராகிவிடுவார்கள். பயப்பட வேண்டியது பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்துகொண்டே ஏமாற்றும் நிரலுக்கு. அதற்கும் ஒரு போட்டி இருந்தது: 2005-இல் ஸ்காட் கிரேவர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொடங்கியது. வரி வரியாகப் படித்தாலும் தப்பே தெரியக் கூடாது, ஆனால் உள்ளே கள்ளத்தனம் இருக்க வேண்டும்.

2008-இல் கொடுத்த வேலை, படத்தில் ஒரு பகுதியை மறைக்கும் நிரல். ஜெயித்த ஜான் மீச்சம் எழுதியது இப்படி: படத்தின் ஒவ்வொரு புள்ளியும் கோப்பில் எண்ணாக எழுதியிருக்கும். மறைக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு இலக்கத்தையும் பூஜ்யமாக்கினார். 255 என்பது 000 ஆகும், 7 என்பது 0 ஆகும். திரையில் எல்லாம் கன்னங்கரேல். ஆனால் கோப்பைத் திறந்தால், மூன்று பூஜ்யம் இருந்த இடம் வெளிச்சம், ஒற்றைப் பூஜ்யம் இருந்த இடம் இருட்டு என்று மறைத்த எழுத்து வெளியே வந்துவிடும். நிரலில் தப்பாக ஒரு வரியைக்கூடக் காட்ட முடியாது. அந்தப் போட்டி 2015-க்குப் பிறகு நடக்கவில்லை.

இதனால் வேலை கிடைக்குமா, சார்?

இதை மட்டும் வைத்துக் கிடைக்காது. 2001-இல் ஜெயித்தவர்களில் ஒருவர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட். தன்னைத் தானே கம்பைல் செய்துகொள்ளும் குட்டி சி கம்பைலரை அனுப்பினார். உங்கள் போனில் வீடியோ ஓடுவதற்குப் பின்னால் பெரும்பாலும் எங்கோ ஓர் இடத்தில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக் அவர் தொடங்கியதுதான். பெர்ல் மொழியை உருவாக்கிய லேரி வால் 1986, 1987 இரண்டு வருஷமும் ஜெயித்தவர். அவர்களுக்கு வேலை கிடைத்தது இந்தப் போட்டியால் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுத வராது, அவிழ்க்கவாவது கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது?

முதலில் கம்பைலரிடம் மேக்ரோக்களை மட்டும் விரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஜிசிசியில் கழித்தல் குறி, பெரிய ஈ. பாதி வேஷம் அங்கேயே கலைந்துவிடும். அப்புறம் வரிகளை ஒழுங்காக உடைத்து உள்தள்ளித் தரும் கருவி ஒன்றில் விடுங்கள், விமானம் வெறும் நிரலாகிவிடும். அதன் பிறகு அவசரப்படாமல் ஒரு மாறியை மட்டும் பிடித்துக்கொண்டு அது எங்கெல்லாம் போகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். அது என்ன செய்கிறது என்று தெரிந்ததும் உருப்படியான பெயர் வையுங்கள். பெயர் வைத்துவிட்டால் அடுத்த மாறி தானாகக் கொஞ்சம் தெளியும். பென்சிலும் தாளும் கட்டாயம். திரையைப் பார்த்தே அவிழ்த்தவரை நான் பார்த்ததில்லை.

வர என்ன வேண்டும்?

கட்டணம் இல்லை. லேப்டாப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இங்கே இரண்டு பழைய கணினி இருக்கிறது. காலை பத்து மணிக்குத் தொடங்குவோம், அதாவது பத்தரைக்கு. மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்த வேண்டாம், அண்ணன் கோபித்துக்கொள்வார். மாடிப்படியில் ஏழாவது படி உடைந்திருக்கிறது. எண்ணிக்கொண்டே ஏறுங்கள், தரையைப் பூஜ்யமாக வைத்து.